என் கையளவு பிடி அரிசி

முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெய் மணத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சின் கடைசி வாங்கில் வந்து உட்காருகிற என் வயதுக்காரரே, உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வலது கை ஒரு காலத்தில் கடவுளுக்குக் குறைத்து அளக்கப் பயன்பட்டது. அதுவும் நாளுக்கு இரண்டு தரம், அம்மாவின் கண் முன்னால், அப்பாவின் உத்தரவோடு. பயப்பட வேண்டாம், எழும்பி நின்று சாட்சி சொல்லி அழப்போவதில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. என்னிடம் இருக்கிற தெம்பு மாடிப்படி ஏறவே போதவில்லை.

சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துப் பாதை மூடிய வருடம். எனக்கு ஒன்பது வயது. கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, உப்புக்காற்று தின்ற யன்னல் கம்பிகள். கரையோர ரயில் போகும்போதெல்லாம் குசினித் தட்டில் அடுக்கிய சோற்றுக் கோப்பைகள் நடுங்கும். கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரர் குடும்பத்தோடு இருந்தார். அவர் முஸ்லிம்; அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் அவரை நானா என்போம். மேலே நாங்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார், கடைசியாக நான். அப்பா ஒரு கந்தோரில் கிளாக்கர். வீட்டிலும் கிளாக்கர்தான். யார் எப்போது மின்விசிறியைப் போட்டது என்பது வரை அவருக்குத் தெரியும்.

குசினி மூலையில் ஒரு பிஸ்கட் பேணி இருந்தது. மூடியில் ஒரு குதிரை வண்டிப் படம். வருடக் கணக்காகத் திறந்து மூடியதில் குதிரையின் முகம் தேய்ந்து, வண்டியை ஒரு கழுத்து மட்டும் இழுத்துக்கொண்டு போனது. அம்மா உலை வைக்கிற ஒவ்வொரு நேரமும், அரிசியைச் சுளகில் கொட்டியதும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தப் பேணிக்குள் போடுவார். வண்டு வராமல் இருக்க உள்ளே இரண்டு செத்தல் மிளகாய். வெறும் பேணியில் முதல் பிடி விழும்போது மழை தொடங்குவதுபோல ஒரு சத்தம் வரும். மாதக் கடைசியில் அந்தச் சத்தம் அடங்கி, அரிசிமேல் அரிசி விழுகிற மெத்தென்ற சத்தமாகிவிடும். அதுதான் பிடி அரிசி. உங்கள் அம்மாமாரும் போட்டிருப்பார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு பேணியைச் சேர்ச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். பீடத்துக்கு முன்னால் ஒரு சாக்கு வாய் திறந்தபடி இருக்கும். எல்லா வீட்டு அரிசியும் அதற்குள்தான். சம்பா, நாடு, பச்சை, கூப்பன் கடை அரிசி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. இடம்பெயர்ந்து வந்த சனத்துக்குக் கொடுப்பதாகப் போதகர் சொல்லுவார். எந்தச் சனம், எந்த இடம் என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தச் சாக்கில் எங்கள் வீட்டு அரிசியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மற்றவர்கள் எல்லாரும் கொழும்பு வந்து வெள்ளை அரிசிக்கு மாறிவிட்டார்கள். அப்பா மட்டும் ஊர்ச் சிவப்புப் புழுங்கலைத் தவிர வேறு எதையும் சோறென்று ஏற்றுக்கொள்ளாதவர். எங்கள் பேணியைக் கவிழ்த்தால் வெள்ளைக் குவியலின்மேல் செங்கல் தூள் கொட்டியதுபோல இருக்கும்.

ஒரு பிடி என்றால் எவ்வளவு என்று நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

“கையில வாறது எவ்வளவோ, அவ்வளவு.”

“அளக்கிறேல்லையோ?”

“அவர் எங்களுக்கு அளந்தே தாறார்? நாங்கள் மட்டும் என்னத்துக்கு அளக்கிறது?”

அம்மா அதற்குமேல் பிரசங்கம் செய்யமாட்டார். அவருக்கு நேரமில்லை. ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையைப் போதகர் சொன்ன ஞாயிறுகூட, திரும்பி வரும் வழியில், “இவ்வளவு சனத்துக்கும் பரிமாறினதுகளுக்கு எப்பிடிக் கை உளைஞ்சிருக்கும்” என்று மட்டும்தான் சொன்னார். அப்பாவுக்கு வேறு சந்தேகம். “மிச்சம் பன்னிரண்டு கூடையாம். வனாந்தரத்தில கூடை ஆர் கொண்டுவந்தது?”

அந்த வருடம் ஒரு ஞாயிறு மத்தியானம் மாமி வந்தார். மாமி என்றால் அப்பாவின் அக்கா. கூட என் மச்சாள், மாமியின் ஒரே மகள், பதினாறு வயது. மாமா வீட்டைக் காவல் காக்க ஊரிலேயே நின்றுவிட்டார். லொறி, வள்ளம், நடை, கடைசியாக வவுனியாவிலிருந்து ரயில் என்று ஐந்து நாள் வந்திருக்கிறார்கள். ஒரு பயணப் பை. அதோடு பழஞ்சேலையில் சுற்றிய ஏதோ ஒன்று. மாமி அதை நிலத்தில் வைத்தபோது “ணங்” என்றது. பிரித்துப் பார்த்தால் தேங்காய் துருவுகிற திருவலை.

சின்ன அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “என்ன மாமி, நகையை விட்டிட்டுத் திருவலையைக் கொண்டுவந்திருக்கிறியள்?”

“நகை எப்பவோ போயிட்டுதடா. இரவல் திருவலை கேட்டுப் போனால் ஒரு கிழமையில சனத்துக்கு எங்களை அலுத்துப்போகும். சொந்தத் திருவலை இருந்தால் ஒரு மாசம் தாக்குப்பிடிக்கலாம்.”

அம்மா கோப்பைகளை எடுத்து வைத்தார். மச்சாளின் கால் விரல்களில் ஐந்து நாள் புழுதி இருந்தது. அந்தக் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாததுபோல ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அப்பா கதிரை நுனியில் இருந்தார். மாமி இரண்டாவது வாய் வைக்கும்போது அப்பா சொன்னார்:

“அக்கா, இஞ்ச வைச்சிருக்க எனக்கு விருப்பமில்லையெண்டு இல்லை. வீட்டுக்கார நானா கடும் ஆள். அஞ்சு பேருக்கு மேல இருக்கப்படாதெண்டு கட்டாயமாச் சொல்லிப்போட்டார்.”

அம்மாவின் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது.

மாமி வாயில் இருந்ததை விழுங்கினார். “ஓமடா தம்பி, விளங்குது. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு லொட்ஜ் இருக்காம். ஊர்ச்சனம் கனபேர் அங்கதானாம். நாங்கள் சும்மா உங்களைப் பாத்திட்டுப் போவமெண்டுதான் வந்தனாங்கள்.”

சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர் திருவலையோடு வருவாரா என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. அன்றைக்கு எப்படியோ அடக்கிவிட்டேன். என் வாழ்க்கையில் வாயை அடக்கிய சில தருணங்களில் அதுவும் ஒன்று. அடக்கியிருக்கக் கூடாத தருணமும் அதுதான். மாமி தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். இறங்கும்போது திருவலை ஒவ்வொரு படியிலும் இடித்தது. பதினெட்டுப் படி. பதினெட்டுத் தரம்.

அப்பாவைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. அந்த நாளில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பத்திரத்தில் எழுதிப் பொலிஸில் பதிய வேண்டும். குடும்பத் தலைவர்தான் பொறுப்பு. மச்சாளின் புது அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தது. பதினாறு வயது, யாழ்ப்பாணம் என்ற இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்தால் அந்த வீட்டுக் கதவு அடிக்கடி தட்டப்படும். அப்பா அதற்குத்தான் பயந்தார். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, நானாவின் தலையில் போட்டார். இப்போது நான் அன்றைய அப்பாவைவிட மூத்தவள். எனக்கு அந்தப் பயம் நன்றாக விளங்குகிறது. லிப்ட் நடுவில் நின்றாலே நடுங்குகிறவள் நான்.

பாதை மூடியதால் ஊர் அரிசி வருவது நின்றது. கடையில் இருந்த சிவப்புப் புழுங்கலின் விலையைக் கேட்டு அப்பா இரண்டு தரம் திரும்பி வந்தார். மூன்றாம் தரம் வாங்கினார், பாதி அளவு. நாக்கை மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று தோன்றியது. ஒரு நாள் காலை குசினி வாசலில் நின்று, அம்மா பிடி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாரும், இனிமேல் பிடி அரிசியைச் சின்னவள் போடட்டும்.”

“ஏன்?”

“பிள்ளையளுக்கும் பழக்கவேணும். ஆண்டவருக்கும் சின்னப் பிள்ளையளைத்தானே விருப்பம்.”

அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அம்மாவின் கை பெரியது. விறகும் துணியும் அம்மியும் சேர்ந்து விரித்த கை. பிறகு என் கையைப் பார்த்தார். சுளகை என் பக்கம் தள்ளிவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

எனக்கோ பெருமை தலைக்கேறிவிட்டது. அண்ணன்மாருக்குக் கிடைக்காத பதவி. காலையும் பின்னேரமும் கையைக் கழுவி, முழங்கை வரை சட்டையை மடித்து, கண்ணை மூடி, சின்னதாக ஒரு ஜெபம் சொல்லி, அரிசிக்குள் கையை விடுவேன். என் கை அப்போது ஒரு பலாக்கொட்டை அளவு. விரல் இடுக்கால் அரைவாசி சுளகிலேயே ஒழுகிவிடும். மிச்சம் பேணிக்குள் விழும்போது மழைச் சத்தம் வராது. யாரோ தொண்டையைச் செருமுவதுபோல இருக்கும். முதல் மாதக் கடைசியில் பேணி அரைவாசிகூட நிரம்பவில்லை. சாக்குக்கு முன்னால் நானே மூடியைத் திறந்து கொட்டினேன். போதகர் என் தலையைத் தடவி, “பாருங்கோ, இந்த வயதிலேயே குடுக்கப் பழகுது” என்றார். ஞாயிறு பள்ளியில் எனக்கு ஒரு படம் தந்தார்கள். ஆட்டுக்குட்டிப் படம். அதை இரண்டு வருடம் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அம்மா அன்றைக்கு வாங்கின் மறுகோடியில் இருந்துகொண்டு, யாருக்கோ வழிவிடுகிறவர்போல, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்படியே மூன்று மாதம் போனது.

ஒரு வெள்ளி, சேர்ச் பெண்கள் கூட்டத்திலிருந்து அம்மா வேகமாக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உங்கட அக்கா ஆக்களின்ர லொட்ஜில எல்லாரையும் மாசக் கடைசியோட எழும்பச் சொல்லிப்போட்டாங்களாம். பொலிஸ் வந்து வந்து போகுதாம், முதலாளிக்குப் பயமாம். கொழும்பில விலாசம் காட்ட ஆள் இருந்தால் நிக்கலாம். இல்லாட்டில் வவுனியா அகதிக் காம்புக்குத் திரும்பிப் போகவேண்டியதுதானாம்.”

அப்பா பேப்பரை மடித்தார். திரும்ப விரித்தார். “பாப்பம்.”

“நீங்கள் பாருங்கோ. நான் நாளைக்குப் போறன்.”

அடுத்த நாள் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேருமாகப் போனோம். அப்பா கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பஸ்ஸில், “அரை மணித்தியாலம், அவ்வளவுதான், சாப்பாடு ஒண்டும் வேண்டாம்” என்று இரண்டு தரம் சொன்னார். கொட்டாஞ்சேனையில் இறங்கிச் சனத்துக்குள்ளால் நடந்தோம். கருவாட்டு மணம், கோயில் சாம்பிராணி, துறைமுகப் பக்கமிருந்து வருகிற எண்ணெய்ப் புகை எல்லாம் ஒன்றாகக் கலந்து தலையைப் பிடித்தது. லொட்ஜின் நடைபாதையில் இரண்டு பக்கமும் கொடி கட்டி உடுப்பு காயப்போட்டிருந்தார்கள். குனிந்து குனிந்து போனோம்.

மாமியின் அறைக்குள் ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய்க் குக்கர், யன்னலில் ஒரு பால்மாப் பேணி, மூலையில் திருவலை. மச்சாள் கட்டிலில் சம்மணம் கட்டி, யாரோ கொடுத்த பழைய கணக்குப் புத்தகத்தைச் செய்துகொண்டிருந்தாள்.

“வா தம்பி, வா பிள்ளை, என்ர குஞ்சும் வந்திட்டாள்!” மாமி எங்களைக் கண்டதும் குக்கரைப் பற்றவைத்தார்.

“இல்லை அக்கா, நாங்கள் இப்ப போகவேணும்.”

“போகலாம். சாப்பிட்டிட்டுப் போகலாம். கொழும்புக்கு வந்து நாலு மாசத்தில என்ர வீட்டுக்கு வாற முதல் ஆக்கள் நீங்கள்.”

எட்டடிக்கு எட்டடி அறையை அவர் வீடென்றார். அப்பா வாழைப்பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கட்டில் நுனியில் இருந்தார். அவருக்கு வாழ்க்கை முழுவதும் நுனிதான்.

பருப்பு, தேங்காய்ச் சம்பல், சோறு. பரிமாறிய சோற்றைப் பார்த்தேன். அப்படியொரு சோற்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. சில பருக்கை களியாகக் குழைந்திருந்தது. சில விறைத்து நின்றது. சில வாய்க்குள் கடுக்கென்று கடிபட்டது. ஒரே பானைக்குள் நாலு விதமான பிடிவாதம். நடுவில் அங்கொன்று இங்கொன்றாகச் சிவப்பு.

அப்பாவும் பார்த்தார். “என்ன அரிசி அக்கா இது?”

“சேர்ச்சில இருந்து தாறது. ஒரு தங்கச்சி மாதாமாதம் கொண்டுவந்து தருவா. கன வீட்டுப் பிடி அரிசி, எல்லாம் கலந்துதான் வரும். சம்பா அவியேக்க நாடு அவியாது, நாடு அவிஞ்சால் சம்பா கஞ்சி. முதல் முதல் நானும் அழுதனான். இப்ப பழகியிட்டுது.” மாமி சிரித்துக்கொண்டே அப்பாவின் கோப்பையில் ஒரு சிவப்புப் பருக்கையை விரலால் தொட்டுக் காட்டினார். “இதைக் கண்டியோ? எங்கட ஊர் அரிசி. ஆரோ ஒரு வீட்டில இருந்து வருது. முதல் மாசம் வரேக்க கை நிறையப் பொறுக்கலாம், அவ்வளவு சிவப்பு. இவளுக்கு அதை மட்டும் தனியப் பொறுக்கி ஒரு நேரம் கஞ்சி வைச்சுக் குடுத்தனான். பிறகு பிறகு குறைஞ்சுகொண்டே வருது. இந்த மாசம் எண்ணிப்போடலாம்.”

“பாதை மூடினதுதானே அக்கா...” அப்பாவின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அதுதான் நானும் சொன்னனான். பாவங்கள், அந்த வீட்டிலயும் இப்ப கஷ்டம் போல. அப்பிடியிருந்தும் விடாமல் போடுதுகள். நானும் இவளும் ஒவ்வொரு நாளும் ஜெபத்தில அந்தச் சிவப்பரிசி வீட்டையும் சொல்லுறனாங்கள். ஆண்டவரே, அதுகளின்ர பானை குறையாமல் பாத்துக்கொள்ளும் எண்டு.”

இங்கேதான், என் வயதுக்காரரே, நான் வாயை அடக்கவில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எங்கள் வீட்டைப் பற்றி ஒருவர் ஒவ்வொரு நாளும் கடவுளிடம் சொல்கிறார்! அதுவும் என் கையால்! எழும்பி நின்று கையை நீட்டினேன்.

“மாமி, அது எங்கட வீடு! நான்தான் போடுறனான்! அம்மான்ர கை பெரிசு, அதால அப்பா இனிமேல் என்னைப் போடச் சொன்னவர்!”

மச்சாளின் பென்சில் நின்றது. அம்மா தன் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். அப்பாவின் விரல்கள் சோற்றுக்குள் அப்படியே நின்றன. எல்லாரும் ஏன் என்னைப் பாராட்டவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. நான் கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக் காட்டினேன்.

மாமி என் கையைப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரு முத்தம் வைத்தார்.

“நல்ல கை. இந்தக் கையால வந்த சோறுதான் நாங்கள் தின்னிறம்.” அவருடைய முகத்தில் கோபமில்லை. ஆச்சரியமும் இல்லை. முதலே அவருக்குத் தெரியுமோ என்று பிற்காலத்தில் பலதரம் யோசித்திருக்கிறேன். கடைசி வரை அவர் சொல்லவில்லை. அகப்பையைப் பானைக்குள் விட்டார். குவித்து அள்ளினார். “தம்பி, இன்னும் கொஞ்சம் போடட்டே?”

அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மாமி போட்டார். மறுபடியும் போட்டார். அப்பா, வெள்ளை அரிசியைத் தொடாத என் அப்பா, களியும் கல்லுமான அந்தச் சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றார். குனிந்தபடியே தின்றார். மூக்கால் ஓடியது. சம்பல் உறைப்பு என்றார்.

கை கழுவப் போகும்போது யன்னலில் இருந்த பால்மாப் பேணியைக் கண்டு, “அதுக்குள்ள என்ன அக்கா?” என்று கேட்டார். பேச்சை மாற்றத்தான் கேட்டார், பாவம்.

“பிடி அரிசி.”

“உங்களுக்குப் பிச்சையா வாற அரிசியில இருந்தோ?”

“பின்னே வேற எங்க இருந்து போடுறது? மேல்மாடியில போன கிழமை புதுச் சனம் வந்திருக்கு. கைக்குழந்தையோட. எனக்கு நாலு மாசம் கழிச்சு வந்ததுகள்தானே, அதுகளுக்கு என்ன தெரியும்?” பிறகு சிரித்தார். “பிச்சையெண்டு சொல்லாதை. உனக்கு வாறது சம்பளமெண்டு நினைக்கிறியோ?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாழைப்பழச் சீப்பு இன்னும் அப்பாவின் கையிலேயே இருந்தது. கொடுக்க மறந்துவிட்டார். வெள்ளவத்தையில் இறங்கி, ஒழுங்கைக்குள் நடந்து, வீட்டுப் படியில் ஏறாமல் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார். நானா சாரத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டு வந்தார்.

“நானா, என்ர அக்காவும் மகளும் வந்து மேல இருக்கலாமோ? நீங்கள் அஞ்சு பேருக்கு மேல...” என்று தொடங்கிய அப்பா, தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டதை உணர்ந்து நிறுத்தினார்.

“அஞ்சு பேரா? நான் எப்ப அப்பிடிச் சென்ன? கூடப் பொறந்தவ தானே, வந்து ஈக்கட்டும். நாலு மாசத்துக்கு முந்தி ஒரு பொம்பள படியில எதையோ இடிச்சி இடிச்சிக் கொண்டு போன, அவவா?”

“ஓம்.”

“நான் அப்பவே ஊட்டுல சென்ன, வந்தவங்க ஏன் இவ்வளவு சுருக்காப் போறாங்கண்டு.”

அப்பா வாழைப்பழச் சீப்பை நானாவின் கையில் கொடுத்துவிட்டு மேலே வந்தார்.

திங்கட்கிழமை கந்தோருக்கு லீவு போட்டார். பத்திரத்தில் அழகான கிளாக்கர் எழுத்தில் இரண்டு பெயர் கூடுதலாக எழுதி, பொலிஸ் வரிசையில் நின்றார். அம்மா என்னையும் கூட அனுப்பினார். சின்னப் பிள்ளை பக்கத்தில் நின்றால் பொலிஸ் கொஞ்சம் மெதுவாகக் கதைக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மேசைக்குப் பின்னாலிருந்தவர் பத்திரத்தைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: யார் இவர்கள், ஏன் வந்தார்கள், எவ்வளவு காலம் இருப்பார்கள், இந்தப் பெண்ணுக்கு என்ன வேலை. பதினைந்து வருடம் கந்தோரில் சிங்களக் கோவைகள் எழுதிய அப்பாவுக்கு அந்த நேரம் இரண்டு சொல்தான் வந்தது.

“மகே அக்கா,” என்றார். என்னுடைய அக்கா.

அடுத்த கேள்வி. “மகே அக்கா.”

அதற்கடுத்த கேள்விக்கும் அதுதான். மேசைக்காரர் பேனையை வைத்துவிட்டு அப்பாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, இந்த ஆளிடம் வேறு ஒன்றும் எடுக்க முடியாது என்ற அலுப்பில், முத்திரை குத்தினார். அப்பாவின் சேர்ட் முதுகு முழுக்க நனைந்திருந்தது. நான் வெளியே வந்ததும், “அப்பா, நான் ஒண்டும் சொல்லேல்லை, பாத்தீங்களோ?” என்றேன். அவர் எனக்கு ஒரு ஐஸ்பழம் வாங்கித் தந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். நீங்களும் அங்கே இருந்தவர்கள்தானே. அப்பா பயந்தது சும்மா இல்லை. கதவு தட்டப்பட்டது. ஒரு தரம் அப்பாவையும் மச்சாளையும் காலையில் கூட்டிக்கொண்டு போய், பின்னேரம்தான் விட்டார்கள். நானா தன் பெஜாமாச் சட்டையோடு பொலிஸ் வாசலில் நாள் முழுக்க நின்றார். திரும்பி வந்த அப்பா தேத்தண்ணி கேட்டார். மச்சாள் நேரே போய்க் கால் கழுவினாள், வெகு நேரம். மாமி அறைக்குள் போய்ச் சேலையை எடுத்துத் திருவலையைச் சுற்றத் தொடங்கினார்.

“நாங்கள் போறம் தம்பி. எங்களாலதானே உனக்கு இவ்வளவும்.”

அப்பா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். “திருவலையைத் தூக்கிக்கொண்டு எங்கையக்கா போகப்போறாய்? வை அதை. நாளைக்குச் சம்பலுக்கு வேணும்.”

மாமி வைத்தார். மூன்று வருடம் அந்த மூலையிலேயே இருந்தது.

ஏழு பேருக்குச் சிவப்புப் புழுங்கல் கட்டுப்படியாகாது. அப்பா கடையில் எது மலிவோ அதை வாங்கி வந்தார். தின்றார். என் பதவியும் பறிபோனது. மாமி வந்த அடுத்த நாள் காலையே நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றேன். அப்பா குசினி வாசலிலிருந்து, “சின்னவள் பள்ளிக்கூடம் போகட்டும், நீரே போடும்” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சுளகைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பெரிய கையை உள்ளே விட்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு பேணிக்குள் மழை பெய்தது. அதோடு முடியவில்லை. மாமி எழும்பி வந்து, தானும் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

அப்பாவால் தாங்க முடியவில்லை. கிளாக்கர் அல்லவா. “ஒரு வீட்டுக்கு ஒரு பிடி போதாதே அக்கா?”

“அது உன்ர பிடி. இது என்ர பிடி.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க இரண்டு பிடி போனது. எங்களுக்குச் சோறு கொஞ்சம் குறைந்தது என்பதையும் உண்மைக்காகச் சொல்ல வேண்டும். சின்ன அண்ணன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான். ஆனால் பட்டினி கிடந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் கணக்கு எப்படிச் சரிவந்தது என்று எனக்குத் தெரியாது. வனாந்தரத்துக்குக் கூடை யார் கொண்டுவந்தது என்றும் தெரியாது.

மாமியும் மச்சாளும் பிறகு கனடா போனார்கள். அப்பா போனார், அம்மா போனார், பனி நாட்டில் மாமியும் போனார். குதிரை வண்டிப் பேணி வீடு மாறும்போது எங்கோ தொலைந்தது. இப்போது நான் பிடி அரிசி போடுவது ஒரு பிளாஸ்டிக் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள். அதில் மழையும் பெய்யாது, தொண்டையும் செருமாது. திருவலை மட்டும் என்னிடம் இருக்கிறது. பாவிப்பதில்லை. நான் தேங்காய்ப்பால் மா கரைக்கிற தலைமுறை.

போன மாதம் கிளினிக்கில் சுகர் பார்த்தார்கள். டொக்டர் பிள்ளைக்கு என் மகளின் வயது. கடதாசியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “அன்ரி, இனிமேல் ஒரு நேரத்துக்கு ஒரு பிடி சோறுதான்.”

“ஆற்ற கையால டொக்டர்?”

“என்ன அன்ரி?”

“இல்லை, கை ஆளுக்கு ஆள் வித்தியாசம். எனக்கு அதில கொஞ்சம் அனுபவம் இருக்கு.”

“உங்கட கையாலதான்,” என்றாள், சிரிக்காமல். மேசைமேல் கையை விரித்துப் பார்த்தேன். எப்போது வளர்ந்ததோ தெரியாது. அம்மாவின் கை. என் உடம்பில் பெருத்ததற்காக நான் நன்றி சொன்ன ஒரே உறுப்பு அதுதான்.

வீட்டுக்கு வந்து வழமைபோல அரிசி எடுத்தேன். முதல் பிடி டப்பாவுக்கு. மிச்சத்தைக் கழுவும்போது கணவர் வாசலில் நின்றார். எல்லாக் குசினி வாசல்களிலும் ஒரு ஆண் நின்று கணக்குப் பார்க்கிறான்.

“உமக்குத்தான் சோறு குறைச்சாச்சே. பிறகேன் பழைய அளவு அரிசி போடுறீர்?”

“ஆராவது வந்தால்?”

“ஆர் வாறது இப்ப?”

அவர் சொன்னது சரி. ஒருவரும் வருவதில்லை. வருகிறவர்களும் போன் பண்ணிவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும் உலை கொதிக்கிற நேரத்தில் என் ஒரு காது படிப்பக்கம்தான் இருக்கும். இது நாலாம் மாடி, லிப்ட் இருக்கிறது. திருவலையோடு ஒருவர் லிப்டில் வந்து, தட்டத் துணிவில்லாமல் வாசலோடு திரும்பிப் போனால், எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. அதனால் முன்கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறேன்.

நுளம்பு வந்து கடிக்கிறது என்று கணவர் சத்தம் போடுகிறார். வரட்டும். அதுகளாவது இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகின்றன. என் இரத்தம் இப்போது இனிப்பு வேறு.